தலைமைக்குப் பிடிக்காத வேட்பாளர் கட்சியை விட்டு வெளியேறலாமா?

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றின் வேட்பாளராக ஒருவர் முயல்கிறார். கட்சித் தலைமைக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஆனால் தொண்டர்களில் கணிசமானவர்கள் அவர் பக்கம் நிற்கிறார்கள். குடியரசுக் கட்சியில் ரான் பாலும் ஜனநாயகக் கட்சியில் பெர்னி சாண்டர்ஸும் இந்த நிலையில் இருந்தவர்கள்தான். இப்படிப்பட்டவர் உள்ளேயே இருந்து போராட வேண்டுமா, வெளியேறிச் சுயேச்சையாகவோ மூன்றாவது கட்சியின் சார்பிலோ நிற்க வேண்டுமா?

அதிபர் பதவிதான் இலக்கு என்றால், எத்தனை அவமானப்பட்டாலும் உள்ளேயே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. செனட்டர், ஆளுநர், மேயர் போன்ற பதவி என்றால் கணக்கு மாறும். கட்சிப் பெயர் இல்லாவிட்டாலும் தனக்கு வாக்களிப்பார்கள் என்று முன்பே நிரூபித்தவர் மட்டும் வெளியேறிப் பார்க்கலாம். தன்மானம், துரோகம், கொள்கைப் பிடிப்பு என்று இந்த விவாதத்தில் நிறையப் பேசுவார்கள். அதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன். தேர்தல் விதிகள் என்ன செய்யும் என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். இந்தியாவில் கட்சித் தலைமை கையெழுத்திட்ட 'பி' படிவம் இல்லாமல் யாரும் அந்தக் கட்சியின் சின்னத்தில் நிற்க முடியாது. அந்தப் பழக்கத்தோடு அமெரிக்கக் கட்சியைப் பார்த்தால் தவறாகவே புரியும். அங்கே வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது பிரைமரி எனப்படும் தேர்தலில் வாக்களிக்கும் மக்கள். அந்தத் தேர்தலைப் பெரும்பாலும் மாநில அரசே நடத்துகிறது. தலைமை பணம் தரலாம், தராமல் இருக்கலாம். விவாத மேடைகளின் தேதியை வைத்து விளையாடலாம், பிரமுகர்களை எதிராகப் பேசவைக்கலாம். ஆனால் பிரைமரியில் வென்றவரிடம் சீட்டு இல்லை என்று சொல்லும் அதிகாரம் நடைமுறையில் அதற்குக் கிடையாது.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1968இல் ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாமல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். சிகாகோ மாநாட்டுக்கு வெளியே போலீஸ் தடியடி நடந்த ஆண்டு அது. அந்த அசிங்கத்துக்குப் பிறகுதான் ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையில் தொடங்கிய ஆணையம் விதிகளை மாற்றியது. மாற்றிய விதிகளின்படி 1972இல் அதே மெக்கவர்ன் வேட்பாளரானார் என்பது தனிச் சுவை. அன்றிலிருந்து வெளியாட்களுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. திறந்த கதவை விட்டுவிட்டு வீதியில் நின்று புதுவீடு கட்டுவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

வெளியே போனால் என்ன ஆகும்? அதிபரை முடிவு செய்பவை, மாநிலங்களுக்குப் பங்கிட்ட மொத்தம் 538 தேர்வாளர் வாக்குகள். வெல்ல 270 வேண்டும். மேய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் முதலிடம் பிடித்தவருக்கே அந்த மாநிலத்தின் எல்லா வாக்குகளும் போகும். 1992இல் ராஸ் பெரோவைப் பாருங்கள். பெரும் பணக்காரர், சொந்தப் பணத்தைக் கொட்டினார். ஜூன் மாதக் கருத்துக்கணிப்பு ஒன்றில் 39 சதவீதம் பெற்று, புஷ், கிளின்டன் இருவரையும் முந்தினார். ஜூலையில் திடீரென்று விலகி, அக்டோபரில் திரும்பி வந்தார். இவ்வளவு குளறுபடிக்குப் பிறகும் நாடு முழுவதும் கிட்டத்தட்ட 19 சதவீத வாக்கு. தேர்வாளர் வாக்கு? பூஜ்யம். மேய்ன் மாநிலத்தில் 30 சதவீதம் பெற்று, பதவியில் இருந்த அதிபரையே மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார். அதற்கும் எதுவும் கிடைக்கவில்லை.

அவரைவிடக் குறைவாக, 13.5 சதவீதம் பெற்ற ஜார்ஜ் வாலஸுக்கு 1968இல் 46 தேர்வாளர் வாக்குகள் கிடைத்தன. அவருடைய ஆதரவு தெற்கில் ஒரே பகுதியில் குவிந்திருந்தது, அவ்வளவுதான். இனப்பிரிவினையை ஆதரித்து நின்றவர் அவர். அந்த அரசியல் எனக்கு அருவருப்பானது, ஆனால் அதன் கணிதம் பாடம். 1948இல் ஜனநாயகக் கட்சியிலிருந்து பிரிந்து அதிபர் தேர்தலில் நின்ற ஸ்ட்ராம் தர்மண்ட் வென்ற நான்கு தென்மாநிலங்களைக் கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அந்த நான்கிலும் மாநிலக் கட்சி வாக்குச்சீட்டில் ஜனநாயகக் கட்சிக்கான இடத்திலேயே அவர் பெயரை அச்சிட்டிருந்தது. பக்கத்திலேயே இருந்த ஜார்ஜியாவில் அந்த இடம் கட்சியின் வேட்பாளர் ட்ரூமனுக்குப் போனது, தர்மண்ட் தோற்றார். வெளியேறியவர் வென்றதுகூட, வாக்குச்சீட்டில் அவர் வெளியேறாமல் இருந்த இடங்களில்தான்.

பெரும்பான்மை யாருக்கும் கிடைக்காமல் செய்தால் போதும், பேரம் பேசலாம் என்று ஒரு வாதம் உண்டு. அப்போது முடிவு, நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குப் போகும். மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 1824இல் அப்படித்தான் ஜான் குவின்சி ஆடம்ஸ் அதிபரானார். ஆனால் அந்தச் சபையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? அதே இரண்டு பெரிய கட்சிகளின் உறுப்பினர்கள். எந்தத் தலைமையை வெறுத்து வெளியேறினாரோ, அதன் காலடியில்தான் போய் நிற்க வேண்டும்.

வெளியேறுவோர் எல்லாரும் மேற்கோள் காட்டும் பெயர் தியடோர் ரூஸ்வெல்ட். அவரோ வெளியாளே அல்ல, முன்னாள் அதிபர். 1912இல் குடியரசுக் கட்சியின் பிரைமரிகள் நடந்த பெரும்பாலான மாநிலங்களில், அப்போதைய அதிபர் டாஃப்டின் சொந்த மாநிலமான ஒஹாயோ உட்பட, டாஃப்டைத் தோற்கடித்தார். அப்போது பிரைமரி நடந்ததே சில மாநிலங்களில்தான். மற்றவற்றில் கட்சி நிர்வாகிகள் ராஜ்யம். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டில், தகராறில் இருந்த 254 பிரதிநிதி இடங்களில் 235ஐக் கட்சிக் குழு டாஃப்டுக்கு அளித்தது. அவருக்கு நடந்தது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முற்போக்குக் கட்சி என்று ஒன்றைத் தொடங்கினார். மில்வாக்கியில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த நெஞ்சோடு மேடையேறிப் பேசினார். 27 சதவீத வாக்கும் 88 தேர்வாளர் வாக்குகளும் பெற்று டாஃப்டை மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார். பலன், 42 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாக வாங்கிய உட்ரோ வில்சன் 435 தேர்வாளர் வாக்குகளோடு அதிபரானார். நான்கே ஆண்டில், 1916இல், ரூஸ்வெல்ட் தன் புதுக் கட்சியின் வேட்பாளராக நிற்க மறுத்துக் குடியரசுக் கட்சியின் ஹியூஸை ஆதரித்தார். அவரை நம்பி வெளியே வந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். பழைய கட்சியின் அமைப்பு அதற்குள் எதிரணியின் கைக்கு முழுதாகப் போய்விட்டிருந்தது. தோல்வியைவிட இந்த இரண்டாவது நஷ்டம்தான் பெரிது என்பேன். தலைவர் வெளியேறும்போது உள்ளூர்க் குழுக்களில் இருந்த அவருடைய ஆட்களும் வெளியேறுகிறார்கள். அந்த நாற்காலிகள் காலியாக இருப்பதில்லை.

இந்தக் கேள்விக்கு வரலாறு தந்த மிகச் சுத்தமான பதில் என்று நான் கருதுவது பாட் புகானனையும் டொனால்ட் டிரம்பையும் அருகருகே வைத்துப் பார்ப்பது. புகானன் 1992இல் பதவியில் இருந்த புஷ்ஷை எதிர்த்துக் குடியரசுக் கட்சியின் பிரைமரியில் நின்று, நியூ ஹாம்ப்ஷயரில் 37 சதவீதம் பெற்றார். 1996இல் அதே மாநிலத்தில் முதலிடமே பிடித்தார். குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த வேண்டும், தடையற்ற வணிக ஒப்பந்தங்கள் தொழிலாளர்களை அழிக்கின்றன, அயல்நாட்டுப் போர்களில் தலையிடக் கூடாது என்பவைதாம் அவருடைய முழக்கங்கள். தலைமை அவரைத் தீண்டத் தயங்கியது. 1999இல் பொறுமையிழந்து, பெரோ தொடங்கிய சீர்திருத்தக் கட்சிக்குப் போனார். பெரோ 1996இல் 8 சதவீதம் பெற்றிருந்ததால் அந்தக் கட்சிக்கு அரசு நிதியாக 1.26 கோடி டாலர் காத்திருந்தது. பணம் இருக்கும் இடத்தில் சண்டையும் இருக்கும். கட்சி இரண்டாக உடைந்தது. நிதி கடைசியில் புகானனுக்கே கிடைத்தது. தேர்தலில் அவர் வாங்கியது 0.4 சதவீதம், சுமார் நான்கரை லட்சம் வாக்கு. பிரைமரியில் ஒரு மாநிலத்தை வென்றவர், வெளியே போய் நாடு முழுவதும் வாங்கியது அவ்வளவுதான்.

அதே 1999இல் அதே சீர்திருத்தக் கட்சிக்குள் வேட்பாளராகும் எண்ணத்தோடு வந்த இன்னொருவர் டிரம்ப். உள்ளே நடந்த கூத்தைப் பார்த்துவிட்டு 2000 பிப்ரவரியில் விலகிக்கொண்டார். 2015இல் திரும்பியபோது குடியரசுக் கட்சியின் பிரைமரியில் நுழைந்தார். முழக்கங்கள் பெரும்பாலும் புகானனுடையவை. எதிரே பதினாறு பேர் வாக்குகளைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள். தென் கரோலினாவில் 32.5 சதவீத வாக்கு அவருக்கு அந்த மாநிலத்தின் 50 பிரதிநிதிகளையும் தந்தது. இதே 32.5 சதவீதத்தோடு பொதுத்தேர்தலில் சுயேச்சையாக நின்றிருந்தால் பெரோவின் கதைதான். பிரைமரியில் பலர் போட்டியிடும்போது, உறுதியான சிறுபான்மை ஆதரவு உள்ள வெளியாள் வெல்லலாம். பொதுத்தேர்தலில் இருவருக்கு நடுவே மூன்றாமவராக நுழையும்போது அதே ஆதரவு அவரைக் கடைசியில் நிறுத்துகிறது.

டிரம்ப் செய்த இன்னொரு காரியமும் கவனிக்கத்தக்கது. 2015 ஆகஸ்டில் முதல் விவாத மேடையில், தோற்றால் சுயேச்சையாக நிற்க மாட்டேன் என்று உறுதி தர யார் தயாராக இல்லை என்று கேட்டபோது அவர் ஒருவர்தான் கையுயர்த்தினார். கட்சி பதறியது. செப்டம்பரில் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். அடுத்த மார்ச்சில் அதிலிருந்தும் பின்வாங்கினார். வெளியேறுவேன் என்ற மிரட்டலுக்கு உள்ளே இருக்கும்வரைதான் விலை.

ரான் பால் விஷயத்தில் ஒரே மனிதர் இரண்டு வழியையும் முயன்றிருக்கிறார். 1988இல் லிபர்டேரியன் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்று அரை சதவீதத்துக்கும் குறைவாகப் பெற்றார். 2008இலும் 2012இலும் அதே கொள்கைகளோடு குடியரசுக் கட்சியின் பிரைமரியில் நின்றார். 2012இல் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள். இரண்டும் வெவ்வேறு வகைத் தேர்தல்கள், நேரடியாக ஒப்பிட முடியாது என்பது சரிதான். ஆனால் முக்கிய வேறுபாடு வாக்கில் இல்லை. பிரைமரியில் நின்றதால் அவர் தொலைக்காட்சி விவாதங்களில், 2012இல் கட்சியின் வேட்பாளரான ரோம்னிக்குப் பக்கத்தில் நின்று, மத்திய வங்கியைப் பற்றியும் இராக் போரைப் பற்றியும் பேச முடிந்தது. மூன்றாவது கட்சிக்காரருக்கு அந்த மேடை எளிதில் கிடைக்காது. 2000 முதல் பல தேர்தல்களில் அதிபர் விவாதத்துக்குக் கருத்துக்கணிப்புகளில் 15 சதவீதம் தேவை என்ற விதி இருந்தது. மேடையில் இல்லாதவருக்கு 15 சதவீதம் எப்படி வரும், 15 சதவீதம் இல்லாதவருக்கு மேடை எப்படிக் கிடைக்கும்?

உள்ளே இருப்பதன் கொடுமையும் ரான் பால் கதையில்தான் நன்றாகத் தெரிகிறது. 2012இல் அயோவா மாநிலத்தில், பிரைமரிக்குப் பதிலாக நடக்கும் கட்சிக் கூட்டங்களில் அவருக்கு மூன்றாம் இடம். ஆனால் வாக்கு எண்ணியதும் மற்றவர்கள் வீட்டுக்குப் போனபோது, அவருடைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வட்ட மாநாடு, மாநில மாநாடு என்று ஒவ்வொரு படியிலும் ஏறினார்கள். இறுதியில் அயோவாவின் 28 பிரதிநிதிகளில் 22 பேர் அவர் பக்கம். விதிக்கு உட்பட்டே இதைச் சாதித்தார்கள். டாம்பாவில் நடந்த தேசிய மாநாட்டில் தலைமை விதியையே மாற்றியது. மேய்னில் அவர்கள் வென்றிருந்த இடங்களில் ஒரு பகுதி பறிக்கப்பட்டது. மாநாட்டில் ஒருவர் பெயரை முன்மொழிய ஐந்து மாநிலங்களில் முன்னிலை போதும் என்று இருந்ததை, எட்டு மாநிலங்களில் பெரும்பான்மை வேண்டும் என்று உயர்த்தினார்கள். அவரைப் பேச அழைத்தார்கள்தான். உரையை முன்கூட்டியே காட்ட வேண்டும், ரோம்னியை முழுமையாக ஆதரிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. அவர் மறுத்துவிட்டார். (நான்கு ஆண்டு கழித்து அந்த எட்டு மாநில விதி டிரம்பின் எதிரிகளுக்கே இடைஞ்சலாக வந்து நின்றது.)

அவமானம்தான். ஆனால் கணக்குப் பார்த்தால், அவர் மகன் ராண்ட் பால் 2010இல் கென்டக்கியில் தலைமையின் ஆளைப் பிரைமரியில் தோற்கடித்துச் செனட்டுக்குப் போனார். 2012இல் அதே அணியின் தாமஸ் மாஸி பிரதிநிதிகள் சபைக்குப் போனார். 1988இன் முயற்சி இப்படி யாரையும் உருவாக்கவில்லை.

சாண்டர்ஸ் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தவர். 1981இல் பத்தே வாக்கு வித்தியாசத்தில் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகர மேயரானது முதல் இன்றுவரை அவர் சுயேச்சை. வெர்மான்டில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் வென்றுவிட்டு அதன் வேட்புரிமையை ஏற்காமல் சுயேச்சையாக நிற்பது அவர் வழக்கம். எதிரே ஜனநாயகக் கட்சிக்காரர் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் சாமர்த்தியம். அதிபர் பதவி என்றதும் அவரே 2016இல் அந்தக் கட்சியின் பிரைமரிக்குள் வந்தார். 1.3 கோடி வாக்கு, 43 சதவீதம். தோற்றார். ஆனால் மணிக்கு 15 டாலர் குறைந்தபட்ச ஊதியம் கட்சியின் கொள்கை அறிக்கையில் ஏறியது. யாருடைய வாக்கும் பெறாமலேயே மாநாட்டில் வாக்களிக்கும் சூப்பர் பிரதிநிதிகள், முதல் சுற்றில் முடிவைத் தீர்மானிக்க முடியாதபடி 2018இல் விதி மாறியது. அதே ஆண்டு நியூயார்க்கில் அவருடைய பிரச்சாரத்தில் வேலை செய்த அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ், கட்சியின் பெரும்புள்ளியான ஜோ கிராலியைப் பிரைமரியில் வீழ்த்தினார். அந்தத் தொகுதியில் அன்று வாக்களித்தவர்கள் 30 ஆயிரத்துக்கும் குறைவு. ஒரு பெரிய கட்சியின் இடத்தைக் கைப்பற்ற இவ்வளவு குறைந்த ஆள்பலம் போதும் என்ற விஷயத்தை, மூன்றாவது கட்சி தொடங்கக் கையெழுத்து வேட்டையாடுகிறவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். ஐம்பது மாநிலத்துக்கும் ஐம்பது விதி, தனித்தனிக் காலக்கெடு, வழக்குச் செலவு என்று அவர்களுடைய பாதிப் பணம் வாக்குச்சீட்டில் பெயர் ஏறுவதற்கே கரைகிறது.

நேடரை விட்டுவிட முடியாது. 2000 அதிபர் தேர்தலில் ஃபுளோரிடாவில் பசுமைக் கட்சி வேட்பாளர் ரால்ஃப் நேடருக்கு 97,488 வாக்கு. அங்கே இளைய புஷ் ஜனநாயகக் கட்சியின் அல் கோரை வென்ற வித்தியாசம் 537. வாக்கைப் பிரித்தது அவர் குற்றமா என்ற பழைய சண்டைக்குள் நான் போகவில்லை. அதற்குப் பிறகு ஜனநாயகக் கட்சிக்குள் அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்க ஆளில்லாமல் போனது என்பது மட்டும் இந்தக் கேள்விக்குப் பொருத்தம்.

வெளியேறி வென்றவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். 2006இல் கனெக்டிகட்டில் பிரைமரியில் தோற்ற செனட்டர் ஜோ லிபர்மன் தனியே நின்று வென்றார். குடியரசுக் கட்சி வேட்பாளர் பலவீனமாக இருந்ததால் அந்தக் கட்சியின் வாக்குகளும் அவருக்கே வந்தன. 2010இல் அலாஸ்காவில் லிசா மர்கௌஸ்கி வாக்குச்சீட்டில் பெயரே இல்லாமல் வென்றார். வாக்காளர்கள் அவர் பெயரைக் கையால் எழுத வேண்டும். எழுத்துப்பிழை வரக் கூடாது என்று பெயர் பொறித்த கைப்பட்டிகளை வழங்கினார்கள். லண்டனில் 2000இல் கென் லிவிங்ஸ்டன் லேபர் கட்சியை எதிர்த்துச் சுயேச்சையாக மேயரானார், 2004இல் அதே கட்சி அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. மூவருமே அந்தந்த ஊரில் பல்லாண்டு பதவியிலோ புகழிலோ இருந்தவர்கள், போட்டி ஒரே மாநிலத்தில் அல்லது ஒரே நகரத்தில். சரியாகச் சொன்னால் இவர்கள் யாரும் வெளியாட்களே அல்லர். அதனால்தான் முடிந்தது. அப்படியும் எல்லாருக்கும் முடிவதில்லை. 2025இல் நியூயார்க் மேயர் பிரைமரியில் சோரான் மம்தானியிடம் தோற்ற முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ கூமோ, சுயேச்சையாக நின்று நவம்பரிலும் அவரிடமே தோற்றார்.

இதில் சட்டச் சிக்கல் ஒன்று உண்டு. பிரைமரியில் தோற்றவர் அதே பொதுத்தேர்தலில் சுயேச்சையாகவோ வேறு கட்சியின் சார்பிலோ வாக்குச்சீட்டில் இடம்பெற முடியாது என்று பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு வகையில் தடை இருக்கிறது. எனவே வெளியேறுவது என்றால் தோற்பதற்கு முன்பே வெளியேற வேண்டும். ராபர்ட் கென்னடி ஜூனியர் 2023 அக்டோபரில், பிரைமரிகள் தொடங்கும் முன்பே ஜனநாயகக் கட்சிப் போட்டியிலிருந்து விலகிச் சுயேச்சையானார். அடுத்த ஆகஸ்டில் பிரச்சாரத்தை நிறுத்தி டிரம்பை ஆதரித்து, 2025இல் சுகாதாரத் துறைச் செயலாளரானார். பதவிக்கான பேரமாகப் பார்த்தால் அது வெற்றிதான். ஆனால் அதுவும் ஒரு பெரிய கட்சிக்குள் போய்த்தான் முடிந்தது.

தேர்தல் விதி வேறாக இருக்கும் நாடுகளில் இந்தப் பதில் செல்லாது. பிரான்ஸில் முதலிரண்டு இடம் பிடித்தவர்கள் மறுபடி மோதும் இரண்டு சுற்று முறை இருப்பதால், மக்ரோன் புது இயக்கம் தொடங்கி, சோஷலிஸ்ட் அரசிலிருந்து விலகி, 2017இல் அதிபராக முடிந்தது. பிரிட்டனில் தலைமைக்குச் சீட்டை மறுக்கும் அதிகாரம் உண்டு. அதன் முன்னாள் தலைவர் ஜெரமி கார்பின் தானாக வெளியேறவில்லை, லேபர் கட்சி அவரை நிறுத்த மறுத்தது. 2024இல் தன் தொகுதியில் சுயேச்சையாக வென்றார். அமெரிக்காவிலேயே மேய்னும் அலாஸ்காவும், வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கும் விருப்ப வரிசை வாக்கு முறைக்கு வந்துவிட்டன. அங்கே மூன்றாமவர் வாக்கைப் பிரிக்கிறார் என்ற பேச்சு வலுவிழக்கிறது. வெளியே நிற்பதன் விலையும் குறைகிறது.

இன்னொரு நிலைமை உண்டு, அதற்கு என்னிடம் நல்ல மருந்து இல்லை. தலைமை மட்டுமல்ல, அந்தக் கட்சியின் வாக்காளர்களே ஒருவரை விரும்பவில்லை என்றால்? 1980இல் குடியரசுக் கட்சியின் மிதவாதி ஜான் ஆண்டர்சனுக்கு நேர்ந்தது அது. கட்சி ரீகனை நோக்கி நகர்ந்துவிட்டது. ஆண்டர்சன் வெளியேறி 6.6 சதவீதம் பெற்றார். உள்ளே இருந்தாலும் வென்றிருக்க மாட்டார். தொண்டர்கள் பக்கத்தில் இருக்க, தலைமை மட்டும் எதிர்க்கிறதா என்பதை வேட்பாளர் தன்னிடமே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் கைதட்டுபவர்களைப் பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது. பிரைமரி நாளில் வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள்.

கடைசியாக, உள்ளே இருந்து தோற்றவர் வென்றவரை ஆதரிக்க வேண்டுமா என்பது. சாண்டர்ஸ் 2016 ஜூலையில் ஹிலாரியை ஆதரித்தார். பிலடெல்பியா மாநாட்டில் அவருடைய சொந்தப் பிரதிநிதிகளே கூச்சலிட்டார்கள். ரான் பால் ரோம்னியை ஆதரிக்கவில்லை. பால் அப்போது பிரதிநிதிகள் சபைக்கு மறுபடி நிற்பதில்லை என்று முடிவெடுத்திருந்தார். இழப்பதற்கு எதுவும் இல்லை. சாண்டர்ஸ் செனட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. 2021இல் ஜனநாயகக் கட்சியினர் அவரைச் செனட் பட்ஜெட் குழுவின் தலைவராக்கினார்கள். அரசியலைத் தொடரப் போகிறவர் பல்லைக் கடித்துக்கொண்டாவது ஆதரவுக் கடிதத்தில் கையெழுத்திடலாம். விடைபெறப் போகிறவர் மறுக்கலாம். எப்படியானாலும் வட்டக் குழுக்களிலும் மாநில மாநாட்டிலும் உட்கார்ந்திருக்கும் தன் ஆட்களை எழுந்து வரச் சொல்லக் கூடாது.